திறந்து கிடந்த பலகை

பதினொரு வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் சித்தப்பாவின் படிப்பு நின்றது. படிப்போடு வேறொன்றும் அவரிடமிருந்து போயிற்று. அது என்னவென்று விளங்க எனக்குத் தலை முழுக்க நரைக்க வேண்டியிருந்தது.

இங்கே மாதா கோவில் மண்டபத்தில் செவ்வாய்தோறும் கூடும் நாம், ஒவ்வொருவராகச் சிறுவயது நினைவொன்றை எழுதி வாசிப்பதென்று தீர்மானித்தோம். நீங்கள் வாசித்தவற்றைக் கேட்டேன். பள்ளிக்கூட மணி, கடற்கரைப் பெருநாள், களவாகப் பறித்த மாங்காய் எல்லாம் வந்தன. சிரித்தோம். என் முறை வந்தபோது இரண்டு தடவை சாக்குச் சொல்லி ஒதுங்கினேன். என்னிடம் இருப்பது சிரிக்கக்கூடிய கதையல்ல. எங்கள் ஊர்க் கதையும் அல்ல. அது இங்கிலாந்தில், ஒரு கால்வாயில் நடந்தது.

அப்பா மேற்படிப்புக்காக இங்கிலாந்து போன டொக்டர். யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இனிப்புக்குக்கூட அங்கே பங்கீடு இருந்தது. அம்மா, அக்கா, நான் மூவரும் கப்பலில் அவரோடு போனோம். பிறகு அப்பாவின் கடைசித் தம்பியும் வந்து சேர்ந்தார். அவர்தான் சித்தப்பா. எஞ்சினியருக்குப் படிக்க வந்தவர். எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் இருந்தார். நன்றாகச் சிரிப்பார், அம்மாவுக்குக் கிழங்கு உரித்துக் கொடுப்பார், என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மழையில் திரிவார். முதல் வருடச் சோதனையில் கோட்டை விட்டார்.

அந்தக் கோடையில் அப்பாவின் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் ஒருவர், படகொன்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கால்வாய்களில் போய்வருவது நல்ல ஓய்வு என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரர் நல்லதென்று சொன்னதை அப்பா தட்டமாட்டார். படகு பேசி முடித்துவிட்டு வந்த அன்று அவர் குசினியில் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இவனை இந்தப் பயணத்திலை பாப்பம். ஒரு பொறுப்பைக் குடுத்துப் பாப்பம். ஒழுங்காச் செய்தானெண்டால் இன்னொருக்கா எழுதட்டும். இல்லையெண்டால் கப்பல் ஏத்திவிடுறதுதான்."

"பாவம், தம்பி இப்பத்தானே வந்தவர்," என்றார் அம்மா.

"பாவம் பாத்தால் படிப்பு வருமோ?"

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் சொன்ன பொய் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

படகு முன்பு நிலக்கரி ஏற்றியது. ஒடுங்கி, நீண்டு கிடந்தது. நடுவில் நின்று அப்பா இரண்டு கைகளையும் விரித்தால் இரு பக்கச் சுவரிலும் விரல் முட்டும். சுத்தம் செய்து, வெள்ளை பூசி, கட்டில்கள் அடித்திருந்தார்கள். ஆனாலும் பலகை இடுக்குகளில் கரித்தூள் இருந்தது. சாய்ந்திருந்துவிட்டு எழுந்தால் முழங்கை கறுத்துப்போகும். எஞ்சின் எண்ணெய், ஈரக் கயிறு, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் சேர்ந்த ஒரு மணம். அதற்குள் அம்மாவின் மிளகாய்த்தூள். கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மண்சட்டியை அம்மா பழைய சேலையில் சுற்றிப் படகுக்கும் கொண்டுவந்திருந்தார். அலுமினியச் சட்டியில் மீன் சமைத்தால் அப்பாவுக்கு இறங்காது.

அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பின்னால் நின்று சுக்கான் பிடித்தார். நேராக ஓடும் படகு திருப்பத்தில் திரும்ப மறுத்துக் கரையில் மோதும்.

"அண்ணை, இது எங்கடை மாதா கூடு மாதிரி. நேராப் போகும், திருப்பிறதுக்கு நாலு பக்கமும் ஆள் வேணும்," என்பார் சித்தப்பா. பெருநாளில் மாதாவின் சுருவச் சிலையை வைத்துத் தூக்கிப்போகும் கூட்டைத்தான் சொன்னார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

ஒருநாள் நீண்ட சுரங்கமொன்றுக்குள் போனோம். மேலேயிருந்து குளிர்ந்த நீர் கழுத்தில் சொட்டியது. அம்மா இருட்டுக்குள் மாதாவுக்குரிய பிரியதத்த மந்திரம் சொல்லத் தொடங்கினார். சித்தப்பா முன்னால் நின்று நரிபோல ஊளையிட, சுரங்கம் முழுக்க நரிகள் ஊளையிட்டன. பயம் போய்விட்டது. வெளிச்சத்துக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "எல்லாம் உனக்கு விளையாட்டு." அந்த ஊளை எங்கள் பயத்தைத் தெளியவைத்தது என்பது அவருக்குப் புலப்படவில்லை. எனக்குமே அது இப்போதுதான் புலப்படுகிறது.

அப்பா சித்தப்பாவுக்குக் கொடுத்த பொறுப்பு லொக்குகள். நிலம் இறங்கும் இடங்களில் கால்வாயைப் படிபோல இறக்கியிருப்பார்கள். ஒவ்வொரு படியிலும் கல்லால் கட்டிய நீளத் தொட்டி, இரண்டு முனையிலும் பெரிய மரக்கதவுகள். அதைத்தான் லொக் என்பது. மேற்கதவருகே, தண்ணீருக்கு அடியில் ஒரு துவாரம். அதை மூட ஒரு பலகை. கரையில் நின்று இரும்புக் கைபிடியொன்றைப் பொருத்திச் சுழற்றினால் பலகை உயர்ந்து, தொட்டி நிரம்பும். பிறகு பலகையை இறக்கி மூடிவிட வேண்டும். கீழ்க்கதவிலும் அப்படியே. இவ்வளவுதான் வேலை. ஆனால் மூட மறந்தால் மேலேயுள்ள தண்ணீர் பழைய கதவுகளின் இடுக்குகளால் ஒழுகிக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் கால்வாயின் அந்தத் துண்டு வற்றிப்போகும். படகை வாடகைக்குத் தந்தவன் எங்களுக்கு முதல் நாளே இதைத் திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அந்தக் கைபிடி இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. மடித்த முழங்கை போன்ற வடிவம். பலர் பிடித்துப் பிடித்து வழவழத்த பிடி. வைத்துவிட்டுக் கையை முகர்ந்தால் துரு மணக்கும். வழியில் கண்ட நிலக்கரிப் படகுக்காரரைப் பார்த்துச் சித்தப்பாவும் அதை முதுகுப் பக்கம் இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு நடந்தார். சுழற்றும்போது பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாகத் தாண்டி டிக், டிக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காக என் கை ஊறும். அப்பா என்னைத் தொடவிடவில்லை. கை நழுவினால் கைபிடி எதிர்ப்பக்கம் சுழன்று எலும்பை முறித்துவிடும் என்றார். உண்மைதான்.

ஒரு பின்னேரம் இரண்டு லொக்குகளுக்கு நடுவேயுள்ள சின்னத் துண்டில் படகைக் கட்டினோம். ஒரு பக்கம் மாடுகள், மறுபக்கம் பியர் விற்கும் ஒரு தவறணை. பின்னால் நிலக்கரிப் படகுகள் வருவதாகக் கேள்விப்பட்ட அப்பா, விடிந்ததும் முந்திப் புறப்பட வசதியாக அடுத்த லொக்கை நிரப்பி வைக்கும்படி சித்தப்பாவிடம் சொன்னார். நானும் கூடப் போனேன். அவர் நிரப்பினார். பலகையை இறக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"மூடியாச்சு. நீதான் சாட்சி," என்றார் என்னைப் பார்த்து. கதவைத் தள்ளும் நீளமான மரக்கட்டையின் நுனியில், வெள்ளை பூசியிருந்த இடத்தில், கைபிடியை வைத்தார். "விடியத் திரும்பவும் இஞ்சைதானே வரவேணும். நான் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வாறன். அண்ணையிட்டைச் சொல்லாதை."

எங்கள் வீட்டில் மாலைச் செபமாலையை விடுவதென்றால் ஆள் காய்ச்சலில் கிடக்க வேண்டும். படகிலும் அப்படியே. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட இடமில்லை. அப்பா, அம்மா, அக்கா என்று ஒருவர் பின்னால் ஒருவராக, கடைசியில் நான். சித்தப்பாவின் இடம் காலியாக இருந்தது. அப்பா தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நான் வலி வந்ததுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அம்மா செபத்தை நிறுத்தாமலே, போய்ப் படு என்று கையால் காட்டினார்.

பின்கதவால் இறங்கி லொக்குக்கு ஓடினேன். அந்த நாட்டுக் கோடையில் பொழுது சாயாது. நன்றாக வெளிச்சமிருந்தது. கைபிடி வைத்த இடத்திலேயே இருந்தது. பொருத்தினேன். முழுப்பாரத்தையும் போட்டுச் சுழற்றினேன். டிக், டிக், டிக். பலகை மேலே வந்தது. தண்ணீருக்கடியில் ஏதோ இழுபட்டது போல ஒரு சுழி. இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இறக்குவதற்காக, பற்சக்கரம் திரும்பிச் சுழலாமல் பிடித்திருக்கும் தடுப்பைத் தூக்கினேன். பாரம் தாங்கவில்லை. தடுப்பை விட்டேன், அது பற்களில் விழுந்து பலகையைப் பாதியில் நிறுத்தியது. கைபிடி மட்டும் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் விழுந்தது. பெரிய சத்தமில்லை.

நான் திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டேன். மாதா பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மூன்று குரல்கள். சித்தப்பா வரும்போது பார்ப்பார், பார்த்து ஏதாவது செய்வார் என்று நினைத்தேன். அவர் வந்தார். பியர் மணத்தது. அப்பா விளக்கைத் தணித்தார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

காலையில் கண் விழித்தபோது சுவரோடு ஒட்டிக் கிடந்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அம்மாவின் சட்டி தட்டிலிருந்து வழுகி விழுந்து உடைந்த சத்தத்தில்தான் எல்லோரும் எழும்பினோம். வெளியே கால்வாய் இல்லை. கறுத்த சேறு. அதில் ஒரு சைக்கிள் சில்லு, போத்தல்கள், வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்கள். நாற்றம் தொண்டையில் பிடித்தது. பின்னால், மேல் லொக்கில், நிலக்கரிப் படகு வந்து நின்றது. அந்தப் படகுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினாள். அவள் புருஷன் கத்தவில்லை. கறுப்பன் கையில் படகைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும் என்று, எங்களுக்குக் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னான்.

அப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் "சேர்" என்று கூப்பிடும் மனிதர். கழுத்துப்பட்டி கட்டாமல், இரவு உடுப்போடு, சாய்ந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்கு வந்தது கோபமென்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது வெட்கம்.

லொக் காவலாளி சைக்கிளில் வந்து, உயர்ந்து நின்ற பலகையைக் காட்டினார். தன் கைபிடியால் அதை இறக்கிவிட்டு, மேலேயிருந்து தண்ணீர் விடப் போனார். அப்பா எங்களைக் கூப்பிட்டார். சித்தப்பாவிடம்தான் முதலில் கேட்டார்.

"கைபிடி எங்கை?"

"கட்டையிலை வைச்சனான் அண்ணை."

"அங்கை இல்லையே."

"வைச்சனான்... வைச்ச மாதிரித்தான் இருக்கு."

"பலகையை மூடினியோ?"

"மூடினனான். தம்பியும் நிண்டவன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "செபமாலைக்கு வராமல் ஆர் எங்கை போனதெண்டு எனக்குத் தெரியும். நீ சொல்லு. சித்தப்பா மூடினதைக் கண்டனியோ?"

வயிற்றுவலிக்காரனை யாரும் சந்தேகிக்கவில்லை. செபத்துக்கு வராதவன் ஒருவன்தான் என்பது அப்பாவின் கணக்கு.

"இல்லை," என்றேன். "சித்தப்பா மூடேல்லை. அப்பிடியே விட்டிட்டுப் போனவர்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கே நியாயம் சொல்லியிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை. யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, எதையோ தேடுவதுபோல.

"அவன் பொய் சொல்லமாட்டான் அண்ணை," என்றார். "நான்தான் மறந்திருப்பன்."

மிச்ச நாட்களில் புதிய கைபிடியை அப்பா வைத்துக்கொண்டார். சித்தப்பா படகின் முன்பக்கத்தில் இருந்தார். பகிடி இல்லை. ஒவ்வொரு லொக்கையும் தாண்டியபிறகு மெல்ல என்னிடம் வருவார். "தம்பி, அண்ணை மூடிப்போட்டாரோ? வடிவாப் பாத்தனியோ?" நான் ஓம் என்பேன். கொஞ்சத் தூரம் போனபின் திரும்பவும் கேட்பார். மாரி தொடங்குமுன் அவரைக் கப்பல் ஏற்றினார்கள். துறைமுகத்தில் அவர் என் பையில் தன் பங்கு இனிப்புகளைப் போட்டார். எலுமிச்சை மணக்கும் மஞ்சள் வில்லைகள். நான் அவற்றைத் தின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அப்பாவுக்கு மொன்றியலில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். எஞ்சினியராக நானே வந்தேன். லொங்குய்யில் கந்தோர், ரொக்ஸ்பரோவில் வீடு, பிள்ளைகள். சித்தப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தார் என்று கேள்வி. பூட்டுத் திறப்பைக் கையில் வைத்திருக்க வேண்டிய எந்தப் பதவியையும் ஏற்கவில்லையாம். ஊரில் சண்டை முற்றியபோது மனைவியோடும் மகளோடும் அவரும் மொன்றியலுக்கே வந்து அஹுன்ட்சிக்கில் மேல்மாடி வீடொன்றில் குடியிருந்தார். விமான நிலையத்துக்கு அப்பா போகவில்லை. கோவிலில் கண்டால் இருவரும் தலையை அசைப்பார்கள்.

அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. அவர் கண்ணை மூடியபடி கேட்டார்: "அவனை நான் அண்டைக்குத் திருப்பி அனுப்பினது சரிதானே?"

ஒரு சொல் போதுமாயிருந்தது. "ஓம் அப்பா, சரிதான்," என்றேன். பதினொரு வயதுப் பொய்க்குப் பயம் காரணம். இந்தப் பொய்க்கு என்ன காரணம் சொல்வேன்?

அடக்கம் முடிந்து எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். சித்தப்பாவும் வந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர்க் குழாயை முறுக்கிப் பார்த்தார், அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், வந்து இருந்தார். மறுபடி எழுந்தார். என் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். குழாய்க்குப் பிரெஞ்சில் உள்ள சொல்லை வைத்து அவருக்கு "மிஸ்யூ ரோபினே" என்று பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன்.

"உந்த மனிசன் படுக்கப் போனாலும் இப்பிடித்தான் தம்பி," என்றார் சித்தி. "எழும்பி எழும்பிப் பாப்பார். திறப்பைக் குடுத்தால் பூட்டினனோ எண்டு பாதி வழியிலை திரும்பி வந்திடுவார். நான் குடுக்கிறதில்லை."

சித்தியும் பிறகு போய்ச் சேர்ந்தார்.

இங்கேயுள்ள லஷீன் கால்வாயை மூடிப் பல காலம் ஆகியிருந்ததல்லவா? புதிய நூற்றாண்டு பிறந்து கொஞ்ச நாளில் அதைச் சிறுபடகுகளுக்குத் திரும்பத் திறந்தார்கள். ஓய்வுபெற்ற நான் ஒருநாள் அங்கே நடக்கப் போனேன். லொக்குக்குள் ஒரு படகு மெல்ல இறங்குவதைக் கண்டு, அது வெளியேறும்வரை நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து சித்தப்பாவின் மகளுக்கு, என் தங்கச்சிக்கு, போன் எடுத்தேன். ஞாயிறு பூசை முடியச் சித்தப்பாவைக் கால்வாய்க்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

கரையில் ஒரு மர வாங்கிலில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பாவுக்கு எண்பது நெருங்கியிருந்தது. தொப்பியை மடியில் வைத்திருந்தார். கைபிடி எங்கேயும் இல்லை. சீருடை போட்ட ஒரு பெட்டை பொத்தானை அழுத்த, கதவு தானாகத் திறந்தது.

"உந்தப் பிள்ளைக்கு மறக்கப் பயமில்லை," என்றார் சித்தப்பா. "மெசின் பாத்துக்கொள்ளும்."

அப்போது சொன்னேன். வயிற்றுவலி, செபமாலை, டிக் டிக் சத்தம், தண்ணீருக்குள் விழுந்தது எல்லாம்.  கீழே படகு போய், கதவு மூடுவதைப் பார்த்திருந்துவிட்டுச் சித்தப்பா சொன்னார்.

"அப்ப நான் கட்டையிலை வைச்சனான்."

"ஓம் சித்தப்பா."

"அந்தக் கட்டையின்ரை வெள்ளைப் பூச்சு எனக்கு அப்பிடியே நினைவிருந்தது. பலகை இறங்கினதும் நினைவிருந்தது. நான் அதை என்ரை மனம் கட்டின கதையெண்டு நினைச்சன். பேந்து எனக்கு எது நினைவு வந்தாலும், உதுவும் அப்பிடித்தானோ எண்டு..." கையை விரித்தார். "அண்ணைக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"சாகேக்கை?"

"இல்லை. சித்தப்பா, அவர் கேட்டவர். நான் அப்பவும் சொல்லேல்லை."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். "எனக்குச் சொல்லி என்ன? நான் இனி எஞ்சினியரா வரப்போறனோ? அண்ணை என்னை ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு நினைச்சுக்கொண்டல்லோ செத்தவர். அதை ஆர் போய் மாத்திறது?"

காரில் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்று மட்டும் சொன்னார். "என்ரை பிள்ளைக்கு நீயே சொல்லு."

சொன்னேன். அப்பாவின் ஆண்டு நினைவுப் பூசைக்குப் பிறகு, சாப்பாட்டு மேசையில், அக்கா, என் மனைவி பிள்ளைகள், தங்கச்சி எல்லோர் முன்னாலும் சொன்னேன். மிஸ்யூ ரோபினே என்று பெயர் வைத்த என் மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சி அழவில்லை.

"அண்ணா, நாங்கள் அப்பாவை எவ்வளவு ஏசியிருக்கிறம் தெரியுமே," என்றாள். "அம்மா ஒரு திறப்புக் கையிலை குடுக்காமலே செத்தவ. நீங்கள் இஞ்சை, மெட்ரோவிலை போற தூரத்திலைதானே இருந்தனீங்கள்."

அதற்குப் பிறகு சித்தப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். அந்த மாரியில் தங்கச்சிக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. நான் வருகிறேன் என்றேன். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. காலையில் போவேன். அவர் தன் அறையில் இருப்பார், நான் முன்னறையில். தேநீர் போட்டு வாசலில் வைப்பேன். குடித்த கோப்பை வெளியே வரும். எங்களுக்குள் அவ்வளவுதான்.

ஒரு மாற்றத்தைத் தங்கச்சி கவனித்துச் சொன்னாள். சித்தப்பா இப்போது இரவில் எழும்புவதில்லையாம். அடுப்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. ஒரு திறப்புக் கேட்டு வாங்கிக் கழுத்தில் கொழுவிக்கொண்டாராம். வாழ்நாளிலேயே முதல்முறையாக நன்றாகத் தூங்குகிறாராம். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனாலும் அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் ஒரு பாரம் குறைந்தது போலிருந்தது. அதை நம்பியது என் பிழை.

மாரி முடியப்போகும் ஒரு நாள். பேப்பரை வைத்துக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போல. கீழ்வீட்டிலிருந்து யாரோ தடியால் கூரையில் இடித்தார்கள். எழுந்தால் கால் நனைந்தது. குளியலறையில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாய் முழுதாகத் திறந்திருந்தது. மூடிவிட்டுத் துவாயெல்லாம் எடுத்து நிலத்தில் போட்டேன். அதற்குள் வீட்டுக்காரி, கீழே தனியாக இருக்கும் வயதான அம்மா, மேலே ஏறி வந்துவிட்டாள். தன் குசினிக் கூரை ஒழுகுகிறது என்றாள். இந்தக் கிழவரைத் தனியே விடக்கூடாது, ஒன்றில் முதியோர் இல்லத்தில் சேருங்கள், இல்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள் என்று பிரெஞ்சில் பொரிந்தாள். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சியும் வேலையால் வந்து சேர்ந்தாள். பனிச்சப்பாத்தைக் கழற்றாமலே ஈரத்தில் நின்றாள்.

சித்தப்பா அறை வாசலுக்கு வந்தார்.

"அப்பா, பைப்பைத் திறந்துபோட்டு மறந்தனீங்களோ?"

"நான் மூடினனான்," என்றார் அவர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "எனக்கு நல்லா நினைவிருக்கு. மூடிப்போட்டுத்தான் வந்து படுத்தனான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மாதக்கணக்கில் முதல்முறையாக. பார்த்துக்கொண்டே நின்றார். அவர் நெற்றி மெல்லச் சுருங்கத் தொடங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும். சாய்ந்த படகின் பக்கத்தில் நின்று அதை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன்.

"நான்தான் திறந்தனான் சித்தப்பா," என்றேன். "குளிப்பமெண்டு திறந்துபோட்டு நித்திரையாப் போனன்."

வீட்டுக்காரிக்கும் பிரெஞ்சில் அதையே சொன்னேன். பிழை என்னுடையது மடாம், கூரையைத் திருத்துவது என் பொறுப்பு, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த வயதில் உங்களுக்கும் ஒருவர் காவலுக்கு வேண்டும் போல என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். குளியலறைக் கொடியில் சித்தப்பாவின் சட்டை கழற்றித் தொங்கியதைத் தங்கச்சி கண்டாள். குளிருக்குக் கழற்றாத கோட்டும் கழுத்துத் துணியும் என் உடம்பில் இருந்ததையும் கண்டாள்.  வாளியை எடுத்துவந்து என் பக்கத்தில் குந்தினாள்.

சித்தப்பாவின் நெற்றி தெளிந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார்.

ஆக, நண்பர்களே, அதே மனிதரைப் பற்றி, அதே விஷயத்தில், இரண்டாம் முறையும் பொய்தான் சொன்னேன். இது சரியா என்று கோவிலில் முழங்காலிட்டுக் கேட்டிருக்கிறேன்.  தங்கச்சி இப்போது வேலைக்குப் போகுமுன் வீட்டுத் தண்ணீரை அடியிலுள்ள பிரதான குழாயில் பூட்டிவிட்டுப் போகிறாள். அது அவருக்காக என்று சொல்வதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று அவர் கேட்டால், அண்ணாவை நம்ப ஏலாது, அதுதான் என்கிறாள். அவர் தலையாட்டுகிறார்.

அன்று நிலமெல்லாம் துடைத்து முடித்துக் கோட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். படிக்கட்டில் கால் வைத்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"தம்பி. போகேக்கை பைப்பை வடிவாப் பாத்து மூடிப்போட்டுப் போ."

திரும்பிப் போனேன். ஏற்கெனவே மூடியிருந்த குழாயை, அவர் பார்க்கும்படி, இன்னொரு தடவை இறுக்கி மூடினேன்.